கிருபாராணி வாங்கிய சத்தியம்

கரண்ட் இப்போதைக்கு வராது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்... அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள். நம் ஆரோக்கியநாதனின் அக்காவுக்கு நடந்தது இது. கூடவே இருந்த டிரைவர் மெஹபூப் பாஷா சொன்னது. பாஷா பொய் பேசுகிறவர் இல்லை.

மாலை ஆறரை மணி. உத்தனப்பள்ளி தாண்டி ராயக்கோட்டை போகிற ரோடு. தை மாதப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. காவிரித் தகராறில் மூடிக் கிடந்த எல்லை அப்போதுதான் திறந்திருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஜீப்பை அத்திப்பள்ளியில் போலீஸ் நிறுத்திவைத்ததில் பொழுது போய்விட்டது.

ஜீப்பில் இருந்தவர் கிருபாராணி. பெங்களூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சீனியர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாதம் ஒருமுறை இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வருவார். மாத்திரை எழுதமாட்டார். பேசுவார்... அதைவிட அதிகமாகக் கேட்பார். கிணற்றிலிருந்து தூக்கப்பட்டவர்கள், அரளி விதை அரைத்தவர்கள், பூச்சி மருந்தைப் பரணில் ஒளித்துவைத்திருக்கிறவர்கள், இவர்கள்தான் அவரிடம் வருவார்கள். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா.

அவருக்கு ஒரு பழக்கம். புறப்படும் முன் ஒவ்வொருவரின் வலது கையையும் பிடித்துக்கொள்வார். "அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் நீங்க இருக்கணும். சத்தியம் பண்ணுங்க" என்பார். படித்த இடத்தில் கற்றுக்கொண்ட முறைதான். ஆனால் அந்த ஊர்களில் கையில் அடித்துச் செய்த சத்தியம் என்றால் விளையாட்டில்லை. தூக்குக் கயிற்றைக் கையில் எடுத்தவர்கள்கூட, டாக்டரம்மா வரட்டும் என்று கீழே வைத்திருக்கிறார்கள்.

"நீங்க கேக்கற சத்தியத்துக்கு எமன் ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கித்தான் ஆவணும்மா" என்று பாஷா கிண்டல் செய்வார்.

நஞ்சம்மாவும் அப்படிச் சத்தியம் செய்தவள்தான். குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. புருஷன் கரியப்பனுக்கு ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட். மாமியார் சென்னம்மாள் வாயைத் திறந்தால், பிள்ளையை முழுங்கினவள் என்பாள். நஞ்சம்மா இரண்டு முறை கிணற்றில் குதித்தாள். கிருபாராணி வரத் தொடங்கியபின் குதிக்கவில்லை. கார்த்திகையில் பார்த்தபோது தலைவாரிப் பூகூட வைத்திருந்தாள். எல்லை மூடியதால் மார்கழியில் ஜீப் வரவில்லை.

அன்று... ஊருக்கு முன்னால் ஒரு மோரி, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலம். அதன் கட்டைமேல் நஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஜீப் நின்றது. கிருபாராணி மட்டும் இறங்கினார். தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. ஈரமண் வாசனை... புதிதாய்த் தோண்டிய மண்.

"வந்துட்டீங்களாம்மா." குரல் கரகரத்தது. "நான் கொடுத்த சத்தியத்தத் திருப்பிக் கொடுத்துருங்க. என்னால ஆவல."

இந்தப் பேச்சைக் கிருபாராணி எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறார். திருப்பிக் கொடுத்தால் இரவே பிணம் விழும் என்பது அவர் அனுபவம். கையை எட்டிப் பிடித்தார். சில்லென்று, நனைந்து, கனமாக இருந்தது.

"கொடுக்கமாட்டேன் நஞ்சம்மா. அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் நீ இருக்கணும்."

"இன்னுமா?"

"இருக்கணும்."

நஞ்சம்மா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த முகத்தில் இருந்த அலுப்பை எந்த உயிருள்ள முகத்திலும் தான் கண்டதில்லை என்று கிருபாராணி பிறகு சொன்னார்.

ஜீப்பில் ஏறியதும் பாஷா மெல்லக் கேட்டார். "யாருகிட்டம்மா பேசினீங்க?"

ஊருக்குள் சென்னம்மாள் வாசலில் சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தாள். நஞ்சம்மா பொங்கலுக்கு முன்பே போய்விட்டாளாம்.

"கிணத்துல இல்ல, பயப்படாதீங்க" என்றாள் சென்னம்மாள். "தேதி தாண்டிப் போச்சு, சத்தியம் இன்னும் இருக்குதா இல்லியான்னு கேக்கணும்னு தெனம் அந்த மோரியில போயி உக்காந்தா. தூறல்லயும் பனியிலயும். காய்ச்சல் கண்டு போயிட்டா. அவ சாவணும்னு நெனச்சப்பல்லாம் நீங்க விடல. பொழைக்கணும்னு உக்காந்திருந்தப்ப வரல."

கிருபாராணியின் வலது உள்ளங்கையில் மண் ஒட்டியிருந்தது.

திரும்பும்போது மோரியில் ஜீப்பை நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. அடுத்த தடவை என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த தடவைதான் வரவில்லை. எல்லை தாண்டிய வேலை இனி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் முடிவெடுத்துவிட்டார்கள்.

"அங்க இருக்கறவங்க என்ன ஆவாங்க சார்? ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன்" என்றார் கிருபாராணி.

மேலாளர் சிரித்தார். "அது ஒரு டெக்னிக்தானே மேடம்."

ஒரு மனிதர் நம்மை நம்பிப் பிடித்த கையை டெக்னிக் என்று சொல்லிவிட்டு அந்த மேலாளர் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டிருப்பார். கடவுள் அவரை மன்னிக்கட்டும்.

கிருபாராணிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஈரமண் வாசனை. வேலைக்குப் போய் யாரிடமும் கை நீட்டிச் சத்தியம் கேட்க முடியவில்லை. ஆடி மாதத்தில் பாஷாதான் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான் வண்டி கொண்டாந்திருக்கறேன்மா. அவளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரலாம். பாவம், எத்தன நாளா உக்காந்திருப்பா." வழிக்கு பிளாஸ்க்கில் டீகூடக் கொண்டுவந்திருந்தார். இந்தக் கதையில் கணக்கு பார்க்காத ஆள் அவர் ஒருவர்தான்.

மோரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆடிக்காற்று புளியமரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. கிருபாராணி ஜெபம் செய்துவிட்டு இறங்கினார். காற்று நின்றது. மரம் மட்டும் ஆடியது, சத்தமில்லாமல்...

நஞ்சம்மா அதே கட்டைமேல் இருந்தாள்.

"என்னை மன்னிச்சுரும்மா" என்று கையைப் பிடித்தார். "உன் சத்தியத்த நானே எடுத்துக்கிட்டேன். இனி நீ இருக்க வேண்டாம். போ தாயி."

நஞ்சம்மாவின் முகம் தளர்ந்தது. எழுந்தாள். ஒரு அடி வைத்தவள் நின்று, அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவங்களுக்கும் சொல்லிருங்கம்மா. ரொம்ப நேரமா நிக்கறாங்க."

திரும்பினால்... ரோட்டோரமாக, கிளினிக் நாளில் நிற்பதுபோலவே, வரிசை. ஜீப் வராமல் போன மாதங்களில் செத்துப் போனவர்கள். யாரும் தள்ளவில்லை, முணுமுணுக்கவில்லை. எல்லோரும் வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முகங்களைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு கை வந்தது. சில்லென்று, ஈரமாக. "நீங்க இனி இருக்க வேண்டாம், போங்க." அடுத்த கை. "போங்க." விரல் மெலிந்த கை, காய்ப்புக் காய்த்த கை, மருதாணி மங்கிய ஈரக் கை... "போங்க. போங்க." ஒவ்வொன்றும் நழுவிப் போனது. மனசு லேசாகிக்கொண்டே வந்தது. வண்டியிலிருந்து பார்த்த பாஷாவுக்கு, அம்மா வெறும் இருட்டில் கையை நீட்டி நீட்டிப் பேசுவது மட்டுமே தெரிந்தது.

கடைசியாக ஒரு கை. "நீங்க இனி இருக்க வேண்டாம், போங்க" என்று சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது.

அந்தக் கை சூடாக இருந்தது. நாடி துடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். ரோட்டில் யாரும் இல்லை. ரோட்டோரக் கொல்லைக்காட்டுப் பக்கம், கிணறு இருக்கிற திசையில்... செருப்புச் சத்தம் ஒன்று, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.