திருப்பி அழுத்தின கை

— அந்த சாம்பியன் பெல்ட்டைக் கட்டில்ல இருந்து எடு மாப்ள. நர்ஸம்மா பார்த்தா என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க.

— இது உங்களுது மாமா. எனக்கு வேணாம்.

— பன்னெண்டு வருஷம் என்கிட்ட தோத்தது இதுக்குத்தானே? அன்னைக்கு நீ ஜெயிக்கணும்னு ரெஸ்லிங் கம்பெனிக்காரன் சொன்னான், நானும் சரின்னேன். பேசி வெச்சபடி நடந்துச்சு, அவ்ளோதான்.

— உங்க கழுத்து முறியணும்னு யார் பேசி வெச்சா?

— முதல்ல என் மூக்கைச் சொறிஞ்சு விடு. அரை மணி நேரமா உயிர் போகுது. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் தெரியலைன்னாலும் இந்த மூக்கு மட்டும் என்னை விட மாட்டேங்குது.

— இங்கயா?

— கொஞ்சம் மேல. ஆங்... நல்லா இரு.

— சிரிக்காதீங்க மாமா. அக்கா என்கிட்ட பேசி ஒம்போது நாள் ஆச்சு. இப்பகூட நான் உள்ள வந்ததும் எழுந்து வராண்டாவுக்குப் போயிட்டா.

— பேசுவா. காலையிலதான் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

— என்னன்னு?

— நடந்ததைத்தான். முதல் தடவை நீ தூக்கிப் போட்டப்போ நான் கோணலா விழுந்தேன். நீ மேல படுத்து, ஜனத்துக்குத் தெரியாம என் கையைப் புடிச்சு அழுத்தின. நான் திருப்பி அழுத்தினேன். நல்லா இருக்கேன், ஆட்டத்தைத் தொடருன்னு அர்த்தம். அதனாலதான் ரெண்டாவது தடவை தூக்கின. அதுலதான் முறிஞ்சுது. உன்மேல தப்பே இல்லன்னு சொன்னேன்.

— நீங்க திருப்பி அழுத்தினீங்களா மாமா?

— அழுத்தினேன்.

— சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. ஒரே சத்தம். வேர்வையில கை வழுக்குது. ஜனம் என் பேரைக் கத்துது, பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா கத்துது... பதில் வரலைன்னா ஆட்டத்தையே நிறுத்தணும். அதைப் பார்க்காமலே தூக்கிட்டேனோன்னு தூக்கம் இல்ல மாமா. சோறு இறங்கல.

— பார்க்காம தூக்குற ஆளா நீ? உன்னை எனக்குத் தெரியாதா?

— வாசல்ல பத்திரிகைக்காரங்க வேற. உங்க மாமா எதனால இவ்ளோ பெரிய சாம்பியன், ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு மைக்கை நீட்டுறாங்க.

— என்ன சொன்ன?

— கும்பிடு போட்டுட்டு உள்ள வந்துட்டேன். நூத்திநாப்பது கிலோ ஆளை ஒத்தத் தோள்ல தூக்குவாரு, விலா எலும்பு ஒடஞ்சும் ரிங்கை விட்டு இறங்காதவருன்னு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

— அதெல்லாம் போஸ்டர்ல போடுறது. பலம் எந்த மாட்டுக்குத்தான் இல்ல? கேளு மாப்ள. எதிர்ல நிக்கிறவன் தன் உசுரை நம்ம கையில குடுத்துட்டுத் தலைகீழா தொங்குறான். அவனை முழுசா வீட்டுக்கு அனுப்பணும். பத்தொம்பது வருஷத்துல என்கிட்ட மோதின ஒருத்தன்கூட ஸ்ட்ரெச்சர்ல போகல. எனக்குத் திமிர்னு ஒண்ணு இருந்தா அதுக்குத்தான்.

— நான் பெல்ட் வாங்கின அன்னைக்கே...

— அது நான் பண்ண தப்புடா! வலிச்சுது, நிறுத்தியிருக்கணும். நீ ஜெயிக்கிறதைப் பார்த்துடணும்னு ஒரு ஆசை. அழுத்திட்டேன். இத்தோட இந்தப் பேச்சை விடு. வர்ற சனிக்கிழமை ரிங்ல ஏறு. எதிராளி கையில இருந்து பதில் வந்தா மட்டும் தூக்கு. அவ்ளோதான்.

— இப்பதான் மாமா மூச்சே விட முடியுது. அழுத்தலைன்னு மட்டும் நீங்க சொல்லியிருந்தா, சத்தியமா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்.

— தெரியும். போ, அக்காவைக் கூட்டிட்டு வா. என் முன்னாடி ரெண்டு பேரும் பேசுங்க.

— நல்லாவே அழுத்தினீங்களா?

— உன் விரல் நோகுற அளவுக்கு அழுத்தினேன். இந்த வலது கையாலதான்.

— வலது கையாலயா?

— ஆமாடா. எப்பவும் அதைத்தானே புடிப்போம்.

— அன்னைக்கு கேமராவை வலது பக்கம் மாத்திட்டாங்க மாமா... அதுல தெரியக் கூடாதுன்னு நான் புடிச்சது உங்க இடது கை.