மஞ்சள் பக்கம்

— ஜன்னல விட்டு நகரு மார்லி. நெத்தியில ரத்தம் இன்னும் நிக்கல. உக்காந்து துணிய அழுத்திப் பிடி, சொல்றதக் கேளு.

— உக்காரவா? ரயிலு முழுக்க நம்ம சோளக்காட்டுல குப்புறக் கெடக்கு, ஆர்லன். என்கூட இன்ஜின்ல வந்த லொனி கால் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். ஓட்டிட்டு வந்தவ நான் உக்காந்து காபி குடிக்கணுமா?

— அவன் பொழச்சுக்குவான்னு ஆம்புலன்ஸ்காரன் சொன்னான்ல.

— பொழப்பான். நடப்பான்னு சொன்னானா? அங்க பாரு கூத்த, பக்கத்துப் பண்ணை ஹெல்கா வாளியோட வந்துட்டா! வேகன்லருந்து கொட்டுன சோயாவ அள்ள வெக்கமே இல்லாம வந்து நிக்கறா.

— அவள விடு. விசாரிக்க ஓமஹாலருந்து ரயில்வே ஆபீசர் வந்துட்டு இருக்காரு. அவர்கிட்ட என்ன சொல்லப் போற?

— உள்ளதச் சொல்வேன். ‘மெதுவாப் போ’ போர்டு அங்க இல்ல. இருந்திருந்தா பாதியாக் குறைச்சிருப்பேன். இல்ல, அதனால எப்பவும் போற வேகத்துல வந்தேன்.

— நேத்து சாயங்காலமே நட்டுட்டேன்னு தண்டவாளம் பாக்கற ஃப்ளாய்டு சத்தியம் பண்றானே.

— நட்டானாம்! தண்டவாளத்துக்கு அடியில ஸ்லீப்பர் கட்டை உளுத்துப் போச்சுன்னு ஒரு போர்ட நட்டுட்டு, ஆபீசுக்குக் காலையில சொல்லிக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டான். போர்டப் பாத்தாத்தான் எங்களுக்கே தெரியும்.

— சொல்றதக் கேளு. களைப்பு, கண்ணு தப்பிருச்சுன்னு ஒத்துக்கோ. பெருசா ஒண்ணும் ஆகாது.

— ஆகாதா? லைசென்ஸப் பிடுங்கிருவாங்கய்யா! பொம்பள ரயில் ஓட்டறாளான்னு சிரிச்சவனுங்களுக்கெல்லாம் இன்னைக்குக் கொண்டாட்டம்தான்.

— சிரிச்சா சிரிக்கட்டும். நிலம் இருக்கு, நான் இருக்கேன். பட்டினியா கெடக்கப் போற?

— சோத்தப் பத்தியா பேசறேன்? நான் போர்டப் பாக்காம வந்திருந்தா, லொனி கால நான்தான் ஒடச்சேன். அவன் பொண்டாட்டி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— மார்லி...

— நேத்து ராத்திரி வரைக்கும் நீ அங்கதான அறுவடை மெஷின ஓட்டிட்டு இருந்த? லெவல் கிராசிங் பக்கத்துல போர்டு இருந்துச்சா?

— மழைக்கு முன்னாடி அந்தப் பக்கத்து வயல முடிச்சாகணும்னு பறந்துட்டு இருந்தேன். அந்த மெஷின் அகலத்துக்கு கிராசிங்ல நொழையறதே பெரும்பாடு. இதுல போர்ட வேற பாத்துட்டு நிப்பேனா?

— கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்.

— யோசிக்க என்ன இருக்கு? கண்ணுக்கு முன்னாடி நிக்குது. இந்த ஜன்னல் வழியாவே தெரியுது, நீயே பாரு. வேலிக்குப் பக்கத்துல.

— ஆமா... நிக்குது. கடவுளே, என்ன பளிச்சுன்னு நிக்குது! இந்த மஞ்சளயா நான் தவற விட்டேன்?

— அதத்தான் சொல்றேன். யாருக்கும் நடக்கறதுதான்.

— உனக்குத் தெரியாது ஆர்லன். ஒரு பக்கம்தான் மஞ்சள் அடிப்பாங்க, பின்னாடி வெறும் தகரம். மஞ்சள் பக்கம் ரயில் வர்ற திசையப் பாத்துத்தான் நிக்கும். ஓட்டறவளுக்குன்னே நட்டது. அதையே பாக்கலன்னா நான் எதுக்குத்தான் லாயக்கு?

— அழாத, அழாத. கார் சத்தம் கேக்குது பாரு. அவர்தான். கதவத் திறக்கவா?

— திற. ஒத்துக்கறேன். கண்ணு தப்பிருச்சுன்னு சொல்லிட்டு... இரு. கதவுலருந்து கைய எடு.

— என்னம்மா? அவர் வாசலுக்கே வந்துட்டாரு.

— ரயில் மேற்கேருந்து வருது. நம்ம வீடு தண்டவாளத்துக்குத் தெற்கால. இங்கருந்து பாத்தா எனக்கு அந்தப் போர்டோட ஓரம்தான தெரியணும்?

— மார்லி, மெதுவாப் பேசு...

— முழு மஞ்சளும் நம்ம வீட்டப் பாத்து நிக்குதுய்யா. ரயில்காரன் எவனும் அப்படி நட்டிருக்க மாட்டான். மெஷினுக்கு இடைஞ்சலா இருக்குன்னு நேத்து புடுங்கிப் போட்டு, ரயில் கவுந்த பெறகு ஓடிப்போய் நட்டவன்தான் அப்படி நடுவான். நான் அழறதயும் பாத்துட்டு நின்னியே... போ, இப்பக் கதவத் திற. அவர்கிட்ட நீ பேசு.