மாமா நிறுத்தி வைத்த அப்டேட்

– தட்டு அப்படியே கிடக்கு பாரு. ஒரு வாய்கூட வைக்காம எழுந்து போயிட்டாரு.

– அக்கா, நான் சாப்பிட வேண்டாம்னா சொன்னேன்?

– நீ சொன்னதக் கேட்டப்புறம் யாருக்குடா தொண்டையில இறங்கும்?

– கோவத்துல வந்துடுச்சுக்கா.

– சர்வீஸ் கடைக்காரர் நிக்கிறாரு. உன்கிட்ட வீட்டுப் பிளான் போடக் கொடுத்தவர் நிக்கிறாரு. எதிர்வீட்டு அம்மா கதவத் தொறந்து வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறாங்க. அத்தனை பேர் முன்னாடி என் புருஷனப் பாத்து, "லிஃப்டுக்குக் கிரீஸ் போடுறவருக்கு என் கம்ப்யூட்டர்ல என்ன வேலை"ன்னு கேக்குற. எனக்குத் தலையை எங்க கொண்டு வச்சுக்கறதுன்னே தெரியல.

– மூணு மாச வேலைக்கா. ஒரு பிளானும் தொறக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் வைரஸ் பூட்டிடுச்சு. கடைக்காரர் என்ன சொன்னாரு, நீயும் கேட்டேல்ல? அப்டேட்ட யாரோ அடியோட அணைச்சு வச்சிருக்காங்க, ஓட்டைய அடைக்கவே இல்ல, அது வழியாதான் உள்ள பூந்திருக்குன்னாரு. யாரு அணைச்சதுன்னு கேட்டேன். மாமா "நான்தான்"னாரு. எனக்கு அப்படியே உச்சிக்கு ஏறிடுச்சு.

– அந்த வைரஸ் இருந்த ஃபைலத் தொறந்தது யாரு?

– நான்தான். யாரோ பிளான் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்.

– வரைஞ்சதையெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சியா?

– எடுக்கணும் எடுக்கணும்னுதான் இருந்தேன்.

– அதையெல்லாம் அவரு கேட்டாரா? அத்தனை பேர் முன்னாடி உன்னப் பாத்து ஒரு வார்த்தை கேட்டாரா?

– இல்ல.

– "தப்பு எம்மேலதான் மாப்ள"ன்னு சொல்லிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நீ அப்பவும் வாய மூடல.

– போதும்க்கா. நான் கத்தினது என் காதுலயே இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு எதுக்கு அதுல போயி கைய வச்சாரு? மவுஸப் பிடிச்சாலே எங்க உடைஞ்சிடுமோன்னு பயப்படுற ஆளு.

– அத உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

– என்கிட்டயா? ஏன்?

– நீ கூசிப்போயிடுவேன்னு.

– இனிமே கூசறதுக்கு என்னக்கா பாக்கி இருக்கு? சொல்லு.

– பாப்பா சனிக்கிழமை சாயந்திரம் உன்கூட பேசறது எதுல?

– கம்ப்யூட்டர்ல. மாமா பேர்ல வர்ற கால்ல.

– உன் போன்ல ஏன் பேசறது இல்ல?

– தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியே. பாப்பாவோட அம்மா என் நம்பர பிளாக் பண்ணிட்டா.

– ஏன் பண்ணினா?

– நான் பேசின பேச்சு அப்படி.

– "அண்ணன் பேர்ல வந்தா மட்டும் பொண்ணப் பேச விடுவேன்"னு சொன்னா. உன் பொண்டாட்டியா இருந்தவ உன்ன நம்பல, உங்க மாமாவ நம்புறா. அவரு வச்சிருக்கறது பட்டன் போனு, அதுல மூஞ்சி தெரியாது. அதனாலதான் இந்தக் கம்ப்யூட்டர்.

– இது எல்லாம் எனக்குத் தெரியும்க்கா. அப்டேட்டுக்கும் இதுக்கும் என்ன?

– நீ இங்க வந்த புதுசுல ஒரு சனிக்கிழமை. பாப்பா பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்த பாட்டப் பாடிக்கிட்டு இருந்துச்சு. ஞாபகம் வருதா?

– வருது. பாதியில ஸ்கிரீன் நீலமாயிடுச்சு. அப்டேட் ஆகுது, அணைக்காதீங்கன்னு எழுத்து. நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

– அது முடியறதுக்குள்ள பேசற நேரம் முடிஞ்சுபோச்சு. பாடுறது பிடிக்காம அப்பா எழுந்து போயிட்டாருன்னு பாப்பா விடிய விடிய அழுதிருக்கு.

– அடுத்த வாரம் அத நான் எவ்வளவோ சமாதானம் பண்ணினேன். நம்பவே இல்ல. அப்புறம் எனக்கு அது பாடிக் காட்டவே இல்லக்கா.

– மறுநாள் உங்க மாமா வேலைக்குப் போன கட்டடத்துல, யாரோ கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்கிட்ட கெஞ்சிக் கேட்டிருக்காரு. எங்க போகணும், எத அமுக்கணும்னு வழியெல்லாம் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. நான் குறுக்க ஒரு வார்த்தை பேசினதுக்கு, "மறந்துடும், மறந்துடும், பேசாத"ன்னு கையக் காட்டினாரு. அன்னிக்கு நிறுத்தினதுதான்.

– ஐயோ. அடியோட நிறுத்த வேண்டியதே இல்லக்கா. இந்த இந்த நேரத்துல கம்ப்யூட்டர்ல வேலை இருக்கு, அப்ப அணைச்சுப் போடாதன்னு குறிச்சு வைக்கலாம். ஒரு வாரம் தள்ளிப் போடலாம். சனிக்கிழமை தாண்டினதும் மறுபடி விட்டுடலாம். ரொம்பச் சின்ன வேலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

– கேக்கத்தான் வந்தாரு. உன் நாற்காலிக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் நின்னாரு தெரியுமா? "உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா"ன்னு சொல்லிட்டு நீ ஹெட்போன மாட்டிக்கிட்ட.

– நானா?

– நீதான். அவரு சிரிச்சுக்கிட்டே வந்து என்கிட்ட, "மாப்ளைக்கு வேலை மும்முரம்"னாரு.

– அக்கா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிக்கிறது?

– இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுதான் நிக்கணும்.

– நான் வேற எங்கயாவது ரூம் பாத்துக்கிட்டுப் போயிடறேன்.

– ஓடிப்போறது உனக்குச் சுலபம். அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்? நான் என்னமோ சொல்லி உன்ன விரட்டிட்டேன்னு அதுக்கும் வருத்தப்படுவாரு. இன்னிக்கு என்ன கிழமைன்னாவது தெரியுதா?

– சனிக்கிழமை. கம்ப்யூட்டரையும் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு. விடுக்கா. இன்னிக்கு பாப்பா மூஞ்சியப் பாக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

– உஷ். படியில செருப்பு சத்தம் கேக்குது. கண்ணத் துடை. அவருதான்.

– என்னம்மா இது, விளக்குகூடப் போடாம அக்காவும் தம்பியும் உக்காந்திருக்கீங்க? மாப்ள, இந்தப் பையக் கொஞ்சம் பிடி. பாத்து, பாத்து. உள்ள லேப்டாப்பு இருக்கு.

– மாமா... யாரோடது?

– நாங்க லிஃப்ட் பாக்குற கட்டடத்துல மூணாவது மாடி டாக்டரம்மாவோடது. ஒரு சாயந்திரத்துக்குக் கொடுங்கம்மான்னு கேட்டேன், கொடுத்தாங்க. பாப்பா கூப்பிடுற நேரமாச்சுல்ல? என் பேர்ல போட்டுத் தொறந்து கொடுத்திருக்காங்க. சரியா இருக்கான்னு நீயே பாத்துடு. நான் எதையும் அமுக்கல மாப்ள. சத்தியமா.

– மாமா, அப்படிச் சொல்லாதீங்க. நான் பேசினது ரொம்பத் தப்பு. கடைக்காரர்கிட்டயும் அந்தப் பிளான்காரர்கிட்டயும் நானே போயி, ஃபைலத் தொறந்தது நான்தான்னு சொல்றேன்.

– அட, மூணு மாச வேலை போன வயித்தெரிச்சல், நாலு வார்த்தை வரத்தான் செய்யும். நீ நாற்காலிய ஜன்னல் பக்கம் போடு, மூஞ்சில வெளிச்சம் விழட்டும்.

– அக்கா எல்லாம் சொல்லிட்டா மாமா. பாப்பாவுக்காகத்தான் நிறுத்தினீங்கன்னு.

– ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொன்னா வயித்துல தங்காதா?

– பாதிதாங்க சொன்னேன்.

– மீதி என்னக்கா?

– மீதியெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. நீ அந்த லேப்டாப்பத் தொற.

– இல்ல மாமா. அடுத்தவங்க பொருள்ல சொல்லாம கை வைக்கிற ஆளு நீங்க இல்ல. உங்கள யாரு நிறுத்தச் சொன்னா? பாப்பாவா? அவ அம்மாவா?

– வேண்டாம்மா, சொல்லாத. அவன் இப்பதான் கொஞ்சம் தேறி வர்றான்.

– சொல்லித்தாங்க ஆகணும். இத மறைச்சு மறைச்சுதான் இன்னிக்கு நீங்க அத்தனை பேர் முன்னாடி தலை குனிஞ்சு நின்னீங்க. டேய், அன்னிக்கு பாப்பா பாட்டு பாதியில நின்னதும் நீ எங்க போன?

– குடிக்கப் போனேன்.

– வந்தது ஞாபகம் இருக்கா?

– இல்ல. காலையில கட்டில்ல எழுந்ததுதான் ஞாபகம்.

– வாசப்படியிலயே இவரு மடியில விழுந்து, "இன்னொரு தடவ இந்த அப்டேட் வந்து என் பொண்ணப் பாதியில பிடுங்கிட்டுப் போச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், அத எப்படியாவது நிறுத்திக் கொடுங்க மாமா"ன்னு குழந்தை மாதிரி கேட்டது நீதான்டா.