ஒன்பதாவது பாட்டு

ஏஞ்சல்,

அப்பா பாட்டுகளை எந்த ஆல்பத்திலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் அத்தை என்று கேட்டிருந்தாய். எட்டு ஆல்பம் இருக்கும்போது எங்கே கை வைப்பது என்று யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். திருச்சியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் மெல்வினும் இதையே கேட்டார். பழைய கேசட்டுகளை எல்லாம் அவர்தான் இப்போது இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். உனக்கு முழுதாக எழுதுகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய் எட்டு வருடம். அப்பா இறந்து மூன்று வாரம். இந்த எட்டு வருடமும் அவர் குரலைக் கேட்டால் தாங்காது என்று ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்கு ஒருவகையில் வசதியாக இருந்தது. நாளை மாதத்தின் முதல் வெள்ளி. குவைத்தில் நீ பூசைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

முதல் ஆல்பம் 'பீடத்தோரம்', 1986. முதலாவது என்பதால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீ விட்டுவிடலாம். கோவில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த காலம். பாட்டெல்லாம் சுத்தமாக இருக்கும், ஆனால் பாட்டுக்குள் ஆள் இருக்கமாட்டார். அவர் மெட்டுப் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். அப்போதே அப்படித்தான். கேசட் விற்ற அன்று அப்பா எல்லோரிடமும் சொன்னது நினைவிருக்கிறது: "டேப்பு சிக்குனா பென்சில விட்டுச் சுத்துங்க. நான் சிக்குனா அருளு சுத்தி எடுத்துரும்."

இரண்டாவது 'புது வாசல்'. உன் அம்மா ஜாஸ்பின் வந்து, நீ பிறந்த பிறகு செய்தது. நல்ல மெட்டுகள், கல்யாண வீடுகளில் இன்றைக்கும் போடுகிறார்கள். சந்தோஷமாக இருந்த ஒரு மனிதர் பாடியது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் அன்றே அவரிடம் சொன்னேன். "போத்தா, ஒனக்கு எல்லாரும் அழுதுக்கிட்டே பாடணும்" என்று சிரித்தார்.

உனக்கு எட்டு வயதில் உன் அம்மா மஞ்சள் காமாலையில் போனாள். அதில் எனக்குப் பங்கில்லை. ஆசுபத்திரியில் பதினோரு நாளும் நான்தான் கூட இருந்தேன்.

மூன்றாவது ஆல்பம் அதிலிருந்து வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, ஆட்கள் எல்லாம் போன பிற்பகலில், அப்பா ஆர்மோனியத்தைத் திறந்தார். நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே வந்து நோட்டைத் தேடினேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் சாம்பார்க் கறை இன்னும் இருக்கிறது. 'முப்பதாம் நாள்' என்ற அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எங்கெங்கிருந்தோ கடிதம் எழுதினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அவருக்குள் இருந்தது இதுதான் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

நான்காவதும் ஐந்தாவதும் வேண்டாம். நீ வளர்ந்து, படித்து, அவருக்கு இட்லி ஊற்றிக் கொடுத்த வருடங்கள். காயம் ஆறிவிட்டது. பாட்டும் ஆறிவிட்டது.

நான் ஆசிரியையாக இருந்தபோது வருடா வருடம் பிள்ளைகளைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப் போவேன். கல்லில் வரிசை வரிசையாகச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். இதைப் பாடியவருக்கு வீட்டில் என்ன துக்கம், பிள்ளை இருந்ததா செத்ததா என்று யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. சுரம் மட்டும் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

2017இல் நீ அன்னவாசல் செம்மலைக் கல்யாணம் செய்துகொண்டு குவைத்துக்குப் போனாய். அவர்கள் வீட்டாரும் வெட்கப்பட்டுக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சர்க்கரையால் அப்பாவுக்கு அதற்குள் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. வீட்டில் போன் என்னிடம்தான் இருந்தது. முதல் மாதத்தில் நீ பதினேழு தடவை கூப்பிட்டாய். அப்பா உன் பெயரையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு காலையிலும் காபி குடித்துக்கொண்டே "போன் கீன் வந்துச்சா அருளு?" என்பார். "இல்லண்ணே" என்பேன். அதற்குப் பிறகு அவர் ஆர்மோனியத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். அதிகம் ஆகாது.

ஆறாவது ஆல்பம் 'தாழ்ப்பாள்' அப்படி வந்தது. நன்றாக இருக்கும். 2019இல் ஊருக்கு வருகிறேன் என்றாய். நான் வேண்டாம் என்றேன். ஆல்பம் அப்போது பாதியில் இருந்தது.

மறு வருடம் அவர் மாறிவிட்டார். ஏங்குவதற்குப் பதிலாகக் கிளம்ப ஆரம்பித்தார். கொரோனா ஓய்ந்ததும் பாஸ்போர்ட் எடுக்கணும், குவைத்துக்குப் போகணும் என்று ஒரே பேச்சு. ஒருநாள் தலைக்கு மை பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டு மீனம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீகளா?"

"பேரப்புள்ளையப் பாக்கப் போறேன் தாயி. நரைச்ச தலையோட போனா பூச்சாண்டின்னு அழுதுரும்ல."

"தலைக்கு மை போட்டுட்டீக. நீங்க பாடுனா அழுகுமே, அதுக்கு என்ன பண்ணுவீக?"

இருவரும் சிரித்தார்கள். பேரப்பிள்ளை என்று அவர் குத்துமதிப்பாகச் சொன்னார். பேத்தி என்று எனக்கு மட்டும் தெரியும். நீ அனுப்பிய படத்தில் மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள். நல்ல படம். பதினான்கு மாதமாக நோட்டில் ஒரு வரி விழவில்லை. நான் பேனாவை அடிக்கடி எழுதிப் பார்ப்பேன், மை காய்ந்துவிட்டதா என்று.

2021 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நீ கொரோனாவில் இறந்துவிட்டாய் என்று அப்பாவிடம் சொன்னேன். செம்மல் போன் செய்ததாகவும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் சொன்னேன். அந்த வாரம் ஊரில் மூன்று சாவு. நான்காவதை யாரும் விசாரிக்கவில்லை.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பூசை வச்சாங்களாமா?"

"வச்சாங்களாம்ணே."

நாற்பது நாள் படுத்துக் கிடந்தார். நான் குழைத்து ஊட்டினேன், துடைத்துவிட்டேன். அந்த நாட்களில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் எழுந்து உட்கார்ந்து ஆர்மோனியம் கேட்டார்.

ஏழாவது ஆல்பம் 'பெயர் வாசிப்பு'. மெல்வின் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறார். அதில் நான்காவது பாட்டில் உன் பெயர் வரும். இறந்தவர்கள் வரிசையில் வரும். கேட்டதும் பயப்படாதே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் பூசையில் அவரவர் வீட்டு இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்போமே, அந்தச் சீட்டில் உன் அம்மா பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதினேன். ஃபாதர் வாசித்தார். அப்பா முன் பெஞ்சில் தலையைச் சாய்த்து உன் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வந்ததும் உதடு அசைந்தது. நான்கு வருடம் அப்படி எழுதிக் கொடுத்தேன். செபத்தால் யாருக்கும் கெடுதல் வராது. நீயும் நன்றாகத்தான் இருந்தாய், அந்த வருடங்களில்தான் உனக்கு அங்கே நிரந்தர வேலை கிடைத்தது.

அந்த ஆல்பம் எவ்வளவு தூரம் போயிற்று என்று உனக்குத் தெரியாது. சென்னையில் மேடை போட்டார்கள். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். அட்டையில் மெல்வின் பெயர், தபேலாக்காரர் பெயர், படம் எடுத்தவர் பெயர் எல்லாம் இருந்தது. உன் அம்மாவுக்கு ஒரு ஆல்பம், உனக்கு இரண்டு. எனக்கென்று அவர் ஒரு பாட்டும் செய்யவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எழுதுகிறவள் பாட்டுக்குள் வரவேண்டும் என்று இல்லை.

எட்டாவது இந்த வருடம் வந்தது. எட்டுப் பாட்டு பதிவாகி முடிந்திருந்தது. அப்போது மீனம்மாள் மகன் அருள்தாஸ் குவைத்திலிருந்து லீவில் வந்தான். 2019இல் போனவன், இப்போதுதான் ஊருக்கு வருகிறான். அம்மாவிடம் பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வேகமாக வீட்டுக்குள் வந்தான்.

"பெரியப்பா, ஏஞ்சல் அக்கா செத்துப்போச்சுன்னு அம்மா சொல்லுது. போன முதல் வெள்ளிதான் பூசையில பாத்தேன். பேசல, தூரத்துல நின்டுச்சு. கூட சின்னப் புள்ள ஒண்ணு, மெழுகுவத்திய ஊதி ஊதி அமத்திக்கிட்டு இருந்துச்சு."

அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கொரோனாவுல எத்தன பேருக்கு ஆள் மாறிப்போச்சு. அந்தச் செம்மல் பய பதட்டத்துல எதையாச்சும் சொல்லியிருப்பான். அருளு என்ன பண்ணும் பாவம்" என்றார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

அருள்தாஸ் அங்குள்ள நண்பனிடம் உன் நம்பரை வாங்கி, தன் போனிலிருந்தே அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. "டூட்டில இருப்பாக. வெள்ளிக்கிழமை லீவு, அன்னைக்குப் பேசுங்க" என்று நம்பரைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தான். மறுநாள் அவன் விமானம் ஏறிவிட்டான். உன் போனில் தேடிப் பார். மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, தெரியாத இந்திய நம்பர் ஒன்று இருக்கும். அது அப்பா.

அதே போனில் மெல்வினைக் கூப்பிட்டு, "தம்பி, எட்டு இல்ல, ஒம்பது பாட்டு. பேரு 'வெள்ளிக்கிழமைப் பூசை'ன்னு போடு" என்றார். அட்டை அப்படியே அச்சாகிவிட்டது. அட்டையில் ஒன்பது என்று இருக்கும். உள்ளே எட்டுதான்.

ஒன்பதாவதை அவர் புதன்கிழமை பிற்பகல் பாடினார். ஒரே மூச்சில். என்னை எழுதச் சொல்லவில்லை. போனை மட்டும் முன்னால் வைக்கச் சொன்னார். "வெள்ளிக்கிழமை மொத இத அனுப்பு அருளு. பெறகு பேசுறேன். பேசுனா அழுதுருவேன்." ஏழு நிமிடம். அவர் மெழுகுவத்தியை ஊதுகிற சின்னப் பிள்ளைக்குப் பாடுவதுபோல இருந்தது. நடுவில் சிரிக்கிறார், சிரிப்பு சுரத்திலேயே வந்து விழுகிறது.

வியாழன் காலை ஏழரைக்கு, நெஞ்சு அடைக்கிறது என்றார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அலமாரியில் இருக்கும். எடுத்தேன். கையில்தான் இருந்தது. "அருளு" என்று கூப்பிட்டார், "வாரேன்ணே" என்றேன். அடுப்பில் பால் இருந்தது, அது பொங்கி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இறக்கி வைத்தேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். டம்ளர்களைக் கழுவினேன். போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது. மாத்திரையைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு மீனம்மாளைக் கூப்பிட்டேன். உனக்குத் தகவல் சொல்லியாச்சு, லீவு கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னேன். உனக்கு அடக்கம் முடிந்த மறுநாள் சொன்னேன்.

அருள்தாஸ் இருக்கும் முகாம் தூரம். மாதத்தில் முதல் வெள்ளிக்குத்தான் நகரத்துப் பூசைக்கு வருவானாம். நாளை உன்னிடம் வந்து பேசுவான். அவன் சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது முறை.

சோகத்தில்தான் உன் அப்பாவுக்குப் பாட்டு வரும் என்று இருபத்தைந்து வருடம் பார்த்து வைத்திருந்தேன். அதற்காகத்தான் எல்லாமும். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் அந்த ஒன்பதாவது பாட்டை ஒரு தடவை கேட்டேன். 'முப்பதாம் நாள்' அதற்குப் பக்கத்தில் வராது. 'பெயர் வாசிப்பு' வராது. அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல பாட்டு. நீ கேட்டதற்கு நேர்மையான பதில், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேட்டு முடித்ததும் அதை அழித்துவிட்டேன். வேறு பிரதி இல்லை.

அதனால் நீ மூன்றாவதிலிருந்து தொடங்கு. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. நோட்டுகள் வருட வாரியாக அலமாரியில் இருக்கின்றன. நாற்பது வருடத்தில் உன் அப்பா பாட்டில் ஒரு வரியைக்கூட நான் தொலைய விட்டதில்லை.

அத்தை