ட்ராக்டர் ஓடுற வரைக்கும்

— அந்த மூடிய மட்டும் தொடாதம்மா. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லாததுக்கா ரெண்டு க்ளிப் போட்டு மூடி வச்சிருக்காங்க? டார்ச்ச இந்தப் பக்கம் பிடிங்க அத்தை.

— மொதல்ல பெட்ரோல் இறங்குதான்னு பாரு.

— பாத்தாச்சு. நல்லா இறங்குது.

— அப்ப ப்ளக்கு.

— நாலு ப்ளக்கையும் கழட்டிப் பாத்தோம்ல? நீங்கதான பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா வாங்கி வச்சீங்க. காயில்லருந்து வர்ற ஒயர இஞ்சின் ஓரமா பிடிச்சு, கைப்பிடிய சுத்தியும் பாத்தேன், பொறியே வரல. கோளாறு இந்த மூடிக்குள்ளதான்.

— வயசாயிடுச்சு, நின்னுடுச்சு. விடேன். மனுஷன் நிக்கறதில்லையா?

— எப்படி விடறது? உங்க பிள்ளை லாரி பிடிக்கப் போயிருக்கார். என்ன சொல்லிட்டுப் போனார்னு கேட்டீங்கல்ல? "வண்டி நின்னுபோச்சு, அம்மா பேச்சும் முடிஞ்சுபோச்சு. பீரோவ ஏத்து, கட்டில ஏத்து, அம்மாவ ஏத்து." கட்டிலுக்கு அப்புறம்தான் நீங்க.

— அவன் கிடக்கான்.

— சரி, உங்க பேச்சு என்னாச்சு? உங்க தம்பி வீட்டு விசேஷத்துல, அத்தனை சொந்தக்காரங்க நடுவுல எழுந்து நின்னு சொன்னீங்க. இந்த ட்ராக்டர் ஓடுற வரைக்கும் நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன், எவன் கூப்பிட்டாலும் வர மாட்டேன்னு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. நம்மளும் இந்த வயசுல இப்படி இருக்கணும்னு நெனச்சேன்.

— ஏதோ ஒரு வேகத்துல சொன்னது.

— அதெல்லாம் இல்ல. நீங்க எங்ககூட வந்தா எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா உங்கள வேரோட பிடுங்கிட்டுப் போற மாதிரி இருக்கு. மனசு கேக்கல. லாரி வர்றதுக்குள்ள இத கிளப்பிட்டோம்னா அவர் வாயத் திறக்க முடியாது. நீங்க உங்க இஷ்டப்படி இங்கயே இருக்கலாம்.

— என் இஷ்டப்படி.

— ஆமா, உங்க இஷ்டப்படி.

— ஏம்மா, ஸ்க்ரூ ட்ரைவர் பிடிக்கத் தெரியுமா உனக்கு? வந்ததுலருந்து உன் கையில நான் கரண்டியத்தான் பாத்திருக்கேன்.

— எங்கப்பா ஸ்கூட்டர்லயும் இதே பாயிண்ட்தான், பொறி கிளப்பற ரெண்டு சின்ன முனை. மழை பேஞ்சா போதும், மக்கர் பண்ணும். அவர் விரல் உள்ள போகாது, என் விரல்தான் போகும்.

— இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே.

— நீங்க கேக்கவே இல்லையே. இருங்க, க்ளிப் விட்டுடுச்சு. மூடி வருது... அத்தை.

— என்ன?

— இவ்வளவுதானா?

— எது?

— இவ்வளவு பெரிய வண்டி. பின்சக்கரம் என் தோள் உயரம் இருக்கு. இதோட உயிர் மொத்தமும் இந்த ரெண்டு துளி இரும்புலயா? என் சட்டைப் பித்தான்ல பாதிகூட இல்ல.

— ஸ்கூட்டர்ல பாத்தேன்னு சொன்ன.

— ஸ்கூட்டரு பொம்மை, அத்தை. அதுல ஒரே ஒரு பொறி, ஒரே ஒரு ப்ளக். இங்க பாருங்க, நடுவுல ஒண்ணு சுத்தி சுத்தி நாலு பேருக்கும் பந்தி பரிமாறுது. முந்தக் கூடாது, பிந்தக் கூடாது. ஒருத்தருக்கு வச்சத இன்னொருத்தர் இலையில போட்டுடக் கூடாது.

— போட்டா கிளம்பாது. சுத்தற கைப்பிடி திருப்பி அடிக்கும். எனக்கு ஒரு தடவை மணிக்கட்டே பிசகிடுச்சு.

— ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கறப்ப ஒரு சத்தமும் இல்ல. அந்தத் தண்டு வந்து தள்ளி, ரெண்டும் பிரியுது பாருங்க, அப்பதான் நெருப்பு. இத நெனச்சா எனக்கு அப்பலருந்தே ஆச்சரியம்தான்.

— உங்க வீட்டு நெலவரமும் அதானே. அவன் ஊருக்குக் கிளம்பறப்பதான நீங்க ரெண்டு பேரும் கத்துவீங்க.

— கிண்டல் பண்ணாதீங்க.

— கிண்டல் இல்லம்மா. நானும் பிரமிச்சுப் போய் நின்னவதான். உன் மாமனார் மொத தடவை திறந்து காட்டினப்ப. நெலத்துல ஒரு கோடியிலருந்து மறு கோடிக்குப் போறதுக்குள்ள இது எத்தனை தடவை திறந்து மூடுது, யார் எண்ண முடியும்? ஒரு தடவை கூட எனக்கு முடியலன்னு சொன்னதில்ல. பாழாப்போனது, ஒரு நாள் கூட சொன்னதில்ல.

— ஏன் அத்தை அத திட்டறீங்க?

— ஒண்ணும் இல்ல. மூடிடு.

— ஒரு நிமிஷம். இது என்ன, வெளியில கைய வச்சா மை மாதிரி ஒட்டுது, உள்ள இப்படிப் பளிச்சுன்னு இருக்கு? தண்டுல புதுசா கிரீஸ். அதுவும் அளவா, ஒரு பொட்டு. யாரோ திறந்து நல்லா சர்வீஸ் பண்ணியிருக்காங்க.

— எப்பவோ பண்ணினது.

— எப்பவோ பண்ணின கிரீஸ் கறுத்திருக்குமே. அந்த இடைவெளி பாக்கற தகடு எங்க? ஆங், இதுக்குன்னு நீங்க சிவப்பு பெயிண்ட் வச்சது, இதான். தண்ட இன்னும் கொஞ்சம் திருப்பறேன், ரெண்டும் நல்லா விலகட்டும். போதும். அட, தகடு போகலையே.

— இறுகியிருக்கும்.

— இல்ல, நடுவுல ஏதோ இருக்கு. வெள்ளையா. டார்ச்ச ஆட்டாதீங்க அத்தை. உங்க கொண்டை ஊசிய குடுங்க. வருது... வந்துடுச்சு. அட்டை. துளியூண்டு அட்டை. வட்டமா வெட்டி, பின்னால பசை தடவி, அந்த முனையில ஒட்டியிருக்காங்க.

— ம்.

— வேணும்னே பண்ணின வேலை. ரெண்டும் தொடவே முடியாத மாதிரி. தொட்டாத்தான பிரியும், பிரிஞ்சாத்தான பொறி. என்ன மூளை பாத்தீங்களா? ஒரு ஒயர அறுக்கல, ஒரு ஸ்க்ரூவ கழட்டல. மாவு மில்லு மாதிரி அதிர்ற வண்டிய நகத்தளவு அட்டை நிறுத்தி வச்சிருக்கு. இது உங்க பிள்ளை வேலைதான். போன வாரம் ரெண்டு நாள் இங்க வந்து இருந்தார்ல? வரட்டும், இன்னைக்கு இருக்கு அவருக்கு.

— அவன ஏதும் சொல்லாத.

— சொல்லுவேன். பெத்த அம்மாவ ஏமாத்தறதா? இந்தாங்க, இத பத்திரமா கையில வச்சுக்கோங்க, அவர் முகத்துக்கு நேரா காட்டணும். இப்ப தகடு... அத்தை, அச்சு அசலா போகுது. பிடிக்கவும் இல்ல, லொட லொடன்னும் இல்ல. இவ்வளவு நல்லா அளவு வச்சுட்டு யாராவது கெடுப்பாங்களா? சாவியப் போடுங்க. கொட்டகைக் கதவ சாத்துங்க, டார்ச்ச அணைங்க. பொறிய இருட்டுலதான் பாக்கணும்.

— வேண்டாம்மா.

— பயமா? ஒயர நான் துணிய சுத்திதான் பிடிச்சிருக்கேன். தண்ட திருப்பி பாயிண்ட்ட ஒட்ட வச்சுட்டேன், இந்தக் கையால விலக்கப் போறேன். பாத்துக்கிட்டே இருங்க.

— அம்மாடி!

— பாத்தீங்களா?

— பாத்தேன்.

— இன்னொரு தடவை... என்ன நீலம் அத்தை இது. சத்தம் கூட சின்னதா, சொடக்கு போட்ட மாதிரி. இதுவா அந்த நெலத்தையெல்லாம் புரட்டிப் போட்டுச்சு? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. கைய பாருங்க.

— எனக்கும்தான். எத்தனை தடவை பாத்தாலும் அப்படித்தான். மின்னல பிடிச்சு ஒரு கிண்ணத்துக்குள்ள வச்ச மாதிரி.

— கதவத் திறங்க. மூடிய மாட்டிட்டேன், ஒயரும் மாட்டியாச்சு. ஒரே சுத்து. எப்படிக் கிளம்புதுன்னு பாருங்க.

— கைப்பிடிய விடு.

— ஏன்?

— விடுன்னு சொல்றேன்ல. கிளப்பாத. இது அவன் வேலை இல்லம்மா. அவனுக்கு அந்த மூடி எங்க இருக்குன்னே தெரியாது. இந்தா, இந்த அட்டைய திருப்பிப் பாரு.

— பச்சையா ஏதோ எழுத்து. பாதிதான் தெரியுது... இது உங்க கண்ணு சொட்டு மருந்து டப்பாவுல இருக்கற பச்சை.

— ஆமா.

— அத்தை, நீங்களா?

— கேட்டுக்கோ. இந்தக் குளிர்காலத்துல ஒரு நாள் கொட்டகை வாசல்லயே விழுந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. வெயில் வந்து முகத்துல அடிக்கற வரைக்கும் அப்படியே கிடந்தேன், கூப்பிட ஆள் இல்ல. யார்கிட்டயும் சொல்லல. அன்னையிலருந்து எனக்கு இந்த வீட்ட பாத்தாலே பயமா இருக்கு. உங்ககூட வந்துடணும் போல இருக்கு. ஆனா அத்தனை பேர் முன்னாடி பேசிட்டனே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்றது? சரி, இது நிக்கட்டும், நின்னதும் போயிடலாம்னு பாத்தேன். நிக்கவே மாட்டேங்குதும்மா. தினம் காலையில ஒரே சுத்துல கிளம்புது, பாழாப்போனது.

— அதனால நீங்களே நிறுத்திட்டீங்க.

— அடிச்சு நொறுக்க மனசு வரல. அது எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

— அடக் கடவுளே. அதான் மொதல்ல தூசி தட்டி, பாயிண்ட்ட தேச்சு, கிரீஸ் வச்சு, அளவும் பாத்து வச்சிருக்கீங்க. கெடுக்கறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணின ஆள இப்பதான் பாக்கறேன். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு எப்படி அத்தை அளவு வச்சீங்க?

— கண்ணு எதுக்கு, தகடு உரசறது விரலுக்குத் தெரியும். திறந்தது திறந்தாச்சு, அழுக்கோட மூட கை வரல. நீ வந்து நோண்டுவேன்னு யாரு கண்டா? கரண்டி பிடிக்கறவதானேன்னு விட்டுட்டேன்.

— ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்லுவேன்? நீதான் புல்லரிச்சுப் போய் நின்ன.

— அழாதீங்க. எனக்கும் அழுகை வருது.

— லாரி சத்தம் கேக்குது பாரு. வந்துட்டான். இப்ப என்னம்மா பண்றது? வண்டி நல்லாயிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா என்னைய இங்கயே விட்டுட்டுப் போயிடுவான்.

— அந்த அட்டைய இங்க குடுங்க அத்தை. அவர் வாசல்ல பேசிட்டு வர்றதுக்குள்ள, இருந்த இடத்துலயே ஒட்டிடறேன்.