தகடு இல்லாத தாயத்து

ஆரப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். உலோகம் எதுவும் கூடாதென்று கணவர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளித் தாயத்தோடு ஒரு பெண் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அங்கே அறிமுகமான இன்னொரு அம்மா.

“கழட்டிக் குடுக்க அவருக்கு மனசே வரலக்கா.”

“இருக்காதா பின்ன? எம்புட்டு வருசமாப் போட்ருக்காரு?”

“இருபது. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லக்கா. போன மாசம் மூடி கழண்டுச்சுன்னு நகைப் பத்தர்கிட்டக் குடுத்தேன். மந்திரத் தகட்டக் காணோம். வெறுங்கூட்ட அடைச்சுக் குடுத்தாரு.”

“அவருக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

“அப்பறமென்ன, அதப் பையில போட்டுட்டுத் தண்ணியக் குடி. இறுக்கிப் புடிச்சு விரலெல்லாம் வெளுத்துப் போச்சு.”

“வேணாங்க்கா. அவரு வெளிய வார வரைக்கும் கையிலயே இருக்கட்டும்.”