ஆறு மணி வரைக்கும் புருஷன்

ஜோதிமணி: அண்ணே, போதும்ணே... திரும்பிடுவோம்.

ஐயப்பன்: பாரிஸ்லயுமா அண்ணே? இங்க யாருடி நம்மள கேக்கப் போறா?

ஜோதிமணி: மெதுவா பேசுங்க! மேடம் இங்கதான் எங்கயாச்சும்...

ஐயப்பன்: மேடம் கடைக்குள்ள போனா வெளிய வர நேரமாகும். ஆறு மணி வரைக்கும் நான் டிரைவர் இல்ல, நீ பிள்ளைங்களப் பாக்குற ஆயா இல்ல. நான் தாலி கட்டின புருஷன். எங்க, மாமான்னு கூப்பிடு.

ஜோதிமணி: வீட்டுல மேடத்தைத்தான மாமாங்கிறோம். அரபியில அம்மாவாம். உங்களையும் அப்படிக் கூப்பிட்டா எனக்கே சிரிப்பு வருது.

ஐயப்பன்: அதுக்குன்னு கட்டின பொண்டாட்டி அண்ணேன்னா கூப்பிடுவா... கர்மம்!

ஜோதிமணி: யாரு பண்ண வேலை? அந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஜோடியா வேண்டாம்னதும், தங்கச்சின்னு சொன்னது யாரு?

ஐயப்பன்: ஏஜென்ட் சொன்னான், தலையாட்டினேன். தொண்ணூத்தி மூணுல எனக்கு என்னடி தெரியும்? வேலைக்குப் போற ராஸ் அல் கைமா துபாய்க்கு எந்தப் பக்கம்னே தெரியாது.

ஜோதிமணி: மூணு வருஷமா நெஞ்சு அடிச்சுக்குது... மாட்டுனா ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்திடுவாங்க. இல்ல, உள்ள தூக்கிப் போடுவாங்க.

ஐயப்பன்: ஏய், டவரைப் பாரு! எவ்வளவு உசரம்... லிப்ட்ல மேல போவோமா?

ஜோதிமணி: வேணாம். மணி என்ன?

ஐயப்பன்: நாலரைதான். இதோட அஞ்சு தடவ கேட்டுட்ட.

ஜோதிமணி: ஆறு மணிக்கு வந்ததும் பேசணும்னாங்க மேடம்... என்ன பேசப் போறாங்க?

ஐயப்பன்: பேசட்டும். அந்த பெஞ்சுல பாரு... முத்தம் குடுத்துக்கிட்டு...

ஜோதிமணி: ஐயய்யோ, கண்ண எடுங்க மாமா!

ஐயப்பன்: ஆங்! வந்துச்சா வாயில!

ஜோதிமணி: கையை விடுங்க... யாராச்சும் பாத்தா...

ஐயப்பன்: பாக்கட்டும். உனக்கு ஒண்ணு தெரியுமா? நம்ம தோட்டக்கார ராமையா என்கிட்ட பொண்ணு கேட்டான்.

ஜோதிமணி: யாரை?

ஐயப்பன்: உன்னைத்தான்! ‘உங்க தங்கச்சிய எனக்குக் குடுங்க மச்சான்’னு பல்லைக் காட்டுறான். மச்சானாம்! சிரிக்காதடி, வயிறு எரியுது.

ஜோதிமணி: என்ன சொன்னீங்க?

ஐயப்பன்: ஜாதகம் பாக்கணும்னேன்.

ஜோதிமணி: அட பாவி மனுசா...! ஆமா, அந்த ராமையாவுக்கு நம்ம மேல சந்தேகம் வந்திருக்குமோ? மேடம்கிட்ட ஏதாச்சும் போட்டுக் குடுத்திருப்பானோ?

ஐயப்பன்: ஏன் அப்படிக் கேக்குற?

ஜோதிமணி: ஒண்ணுமில்ல... சும்மாதான்.

ஐயப்பன்: அவன் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல ஜோதி. எம் பொண்டாட்டிக்கு நானே மாப்பிள்ளை பாக்கணுமா? என்னால முடியல. அதான்... டவருக்கு முன்னாடி நிறுத்தி சொல்லலாம்னு வெச்சிருந்தேன்.

ஜோதிமணி: என்னத்த?

ஐயப்பன்: காலையில மேடம்கிட்ட சொல்லிட்டேன். அவ தங்கச்சி இல்ல, என் பொண்டாட்டின்னு.

ஜோதிமணி: ஐயோ... காலையிலயா?

ஐயப்பன்: பயப்படாத. மொதல்ல முறைச்சாங்க. அப்புறம், ‘அவகிட்ட நானே கேக்குறேன், நீ மூச்சு விடாத. அவளும் உண்மையச் சொன்னா ரெண்டு பேரையும் வெச்சுக்கறேன், இல்லன்னா கலாஸ், ரெண்டு பேரும் ஊருக்குத்தான்’னாங்க. கேட்டுட்டுத்தான நம்மள ஒண்ணா அனுப்பியிருக்காங்க? மன்னிச்சுட்டாங்கடி! இனிமே ஒரே ரூம்ல... ஏய், ஏன் தரையில உக்காந்துட்ட? கேட்டாங்கல்ல?

ஜோதிமணி: கேட்டாங்க... யாரோ மாட்டி விட்டுட்டாங்கன்னு பயந்துட்டேன் மாமா. அவங்க சின்னப் பையன் தலையில கை வெச்சு, நீங்க என் கூடப் பொறந்தவருன்னு சத்தியம் பண்ணிட்டேன்.